கோழி தூங்கி விழுகிறதா? அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

காலையில் கூட்டைத் திறந்ததும் கோழிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். ஒன்று மட்டும் வராமல், மூலையில் இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணைச் சொருகி நின்றால் அதற்கு உடம்பு கெட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். துவண்ட கோழியை மற்றவை கொத்தும். அதனால் முடிகிற வரை நன்றாக இருப்பதுபோலவே மேயும். நமக்குத் தெரிய வரும்போது கையில் இருக்கும் நேரம் குறைவு.

பதினோரு வருடமாகக் கொல்லையில் இருபது, இருபத்தைந்து நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். மாசி, பங்குனி வந்தால் ஏதாவது ஒன்று படுத்துவிடும். அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது, "சீக்கு முத்துறதுக்குள்ள அறுத்துடுங்க" என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சீக்குக் கோழியின் ரத்தமும் இறகும் குடலும் கொல்லையில் விழுந்தால் மீதிக் கோழிகளுக்கும் அதுவே பரவும். தவிர, படுத்த கோழி எல்லாம் சாகிற கோழி இல்லை.

## முதல் அரை மணி நேரம், எந்த நோயானாலும்

பிரித்து வையுங்கள். அட்டைப்பெட்டியோ பஞ்சாரமோ, அடியில் சாக்கு, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. எச்சத்தின் நிறம் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் வெள்ளை. மற்ற கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் வைத்து முடித்துவிட்டு, கடைசியாக இதனிடம் வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது சூடு. கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். இறகைச் சிலிர்த்து நின்றால் அந்தச் சூட்டைக் காக்கப் பாடுபடுகிறது என்று அர்த்தம். 40 வாட் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடுங்கள். வேண்டுமென்றால் கிட்டே வரும், போதுமென்றால் விலகிக்கொள்ளும். கோடைப் பகலில் இது தேவைப்படாது.

அப்புறம் தண்ணீர். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து, கவிழாத கிண்ணத்தில் வையுங்கள். தானாகக் குடித்தால் விட்டுவிடுங்கள். குடிக்காவிட்டால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில், வெளிப்பக்கமாக ஒரு சொட்டு வையுங்கள். நாக்கை அசைத்து, தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு.

வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. கோழியின் நாக்குக்குப் பின்னால், நடுவில், சின்னப் பிளவு ஒன்று திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். ஊற்றுவது அதற்குள் நேராகப் போகும். கோழி வளர்க்க ஆரம்பித்த மூன்றாவது வருடம், ஒரு பொறிக்கோழிக்குச் சளி என்று மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட கஷாயத்தைப் பாலாடையில் ஊற்றினேன். இரண்டு முறை தலையை உதறியது. மூக்குத் துளையில் நுரை வந்தது. மடியிலேயே போய்விட்டது. அந்தச் சளி அதைக் கொன்றிருக்காது. நான் ஊற்றியதுதான் கொன்றது.

கடைசியாக, கோழியைத் தூக்கித் தடவிப் பாருங்கள். நடுநெஞ்சில் ஓடும் எலும்பின் இரு பக்கமும் சதை இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி மாதிரி துருத்தினால் வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கழுத்தடியில் இரைப்பை எப்படி இருக்கிறது, வாலடியில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, கண், வாய்க்குள், உள்ளங்கால், இறக்கைக்கு அடியில் என்ன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கு நிமிடம் ஆகும். கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பதை இந்த நான்கு நிமிடம்தான் சொல்லும்.

## சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது, வேறு எதுவும் தெரியவில்லை

அடைக்கோழியா? முட்டையிடும் இடத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்து, கிட்டே போனால் இறகைப் பரப்பிச் சீறி, காலையில் ஒரே ஒரு தடவை நாற்றமான பெரிய எச்சம் போட்டால் அது அடை. நோய் எதுவும் இல்லை.

இறகு உதிர்க்கிறதா? கழுத்தில், முதுகில் புதுக் குருத்து முளைத்திருந்தால் அந்தச் சில வாரம் மந்தமாகத்தான் இருக்கும், முட்டையும் நிற்கும். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான் என்று சத்தானதைக் கொடுத்தால் போதும்.

வெயிலா? வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். காலைச் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். கூட்டின் மேல் ஈரச்சாக்கு போடுங்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் நடக்கும் சாவுகளில் பல இப்படிப்பட்டவை.

பேன், செள்ளு. கொண்டை வெளிறி இருந்தால் இதைத்தான் முதலில் தேடுவேன். வாலடியில் இறகை விலக்குங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கட்டிகட்டியாக ஈர் ஒட்டியிருந்தால் பேன். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்பு எள்ளைப் பதித்த மாதிரி இருந்தால் செள்ளு. பகலில் ஒன்றும் தெரியாவிட்டால், இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய் கோழி உட்காரும் கட்டையின் இடுக்கைப் பாருங்கள். சில பூச்சி ராத்திரியில் மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இடுக்குக்குள் போய்விடும். செள்ளு மேல் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவினால் மூச்சுமுட்டி விழும், கண்ணுக்குள் மட்டும் போகக்கூடாது. பேனுக்கு, அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து கோழி புரள ஒரு குழி. கூட்டைக் காலிசெய்து, இடுக்கெல்லாம் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் அடிக்காதீர்கள். பேனுக்கு முன்னால் கோழி சாகும்.

குடற்புழு. தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது. எச்சத்தில் நூல் மாதிரியோ அரிசி மாதிரியோ தென்படும், தென்படாமலும் இருக்கும். கால்நடை மருந்தகத்தில் எத்தனை கோழி, என்ன எடை என்று சொல்லி மருந்து வாங்குங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஒரு நாள் முழுக்க ஒரு பருக்கைகூடக் கொத்தவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

## கழிச்சல்

நல்ல எச்சம் பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தமாதிரி இருக்கும். நடுநடுவே ஒன்று களி மாதிரி பிசுபிசுவென்று நாற்றமாகப் போகும், அது இயல்புதான்.

கொஞ்சமாக, பச்சையாக மட்டும் போகிறது. பெரும்பாலும் வயிற்றில் ஒன்றும் இல்லை, பித்தநீர் மட்டும் இறங்குகிறது. ஏன் தின்னவில்லை என்று தேடுங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, இவற்றில் ஏதாவது ஒன்றை விரல் நுனியில் வைத்துக் காட்டுங்கள்.

ரத்தம் கலந்து போகிறது. மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகளுக்குத்தான் இது அதிகம், அதுவும் மழைநாளில் தரை ஈரமாகக் கிடந்தால். ரத்தக் கழிச்சலுக்குத் தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் மருந்து கால்நடை மருந்துக்கடைகளில் கிடைக்கும். பொட்டலத்தில் உள்ள அளவு, சொன்ன நாள் முழுக்க. குஞ்சு துள்ளுகிறது என்று இரண்டாம் நாளே நிறுத்தினால் திரும்ப வரும். ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமியோ மரத்தூளோ போடாவிட்டால் மருந்து வீண்.

வெள்ளையாக, அல்லது பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் மாதிரி பீய்ச்சுகிறது. கூடவே மூச்சிரைப்பு, கண்ணைத் திறக்காமல் நிற்பது, ஊரில் வேறு வீடுகளிலும் கோழி சாவது என்றால் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்பதும் இதுதான், உத்தரகாண்டில் உள்ள அந்த ஊரின் பெயர்தான் நோய்க்கு வந்தது. வைரஸ் நோய், வந்த பிறகு கொல்லும் மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துத் தவிட்டில் பிசைந்து நானும் கொடுத்திருக்கிறேன். தானாகத் தின்னும் நிலையில் இருந்த கோழிகளில் சில எழுந்தன. நின்றவாக்கில் துவண்டவை எழவில்லை. இந்த நோயில் செய்யக்கூடியது சூடு, தண்ணீர், தனிமை. மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், பலவீனத்தில் கூடவே சேரும் பாக்டீரியாவுக்காக எழுதுகிறார்.

உடனே கவனிக்க வேண்டியது மீதிக் கோழிகளைத்தான். அவற்றுக்குத் தடுப்பூசி போடலாமா என்று அன்றைக்கே மருந்தகத்தில் கேளுங்கள். நோய் உள்ளே இறங்கிவிட்ட கோழிக்கு ஊசி உதவாது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி, இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கிராமம் கிராமமாக இலவச முகாம் நடத்தும். நான் தவறவிட்ட ஒரு வருடம், ஒன்பது நாளில் பதினான்கு கோழி போயின.

## கழுத்து திருகிக்கொள்கிறது, கால் இழுக்கிறது

வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழிக்குக் கழுத்து திருகி, தலை பின்னால் போய், கொத்தப்போனால் தீனிக்குப் பக்கத்து மண்ணைக் கொத்தும். இதை விட்டுவிடாதீர்கள். தலையை மெதுவாகத் தாங்கிப் பிடித்து, ஆழமான கிண்ணத்தில் தீனி வைத்தால் தின்னும். மருத்துவர் பி காம்ப்ளெக்ஸ் எழுதுவார். என்னிடம் ஒரு செவலை ஏழு வாரம் இப்படி இருந்து நேரானது. நேராகாமலே இருந்ததும் உண்டு.

வளரும் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்தால் மேரக்ஸ் நோயாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை இல்லை. பொரித்த முதல் நாளிலேயே போடும் தடுப்பூசிதான் வழி.

கழுத்து துணி மாதிரி தொய்ந்து கிடந்தால், செத்த எலியையோ புழுத்த இறைச்சியையோ தின்றிருக்கலாம். பக்கத்து வயலில் மருந்து கலந்த விதை விதைத்த அன்று வாயில் நீர் வடிந்து விழுந்தால் விஷம். இரண்டுக்கும் வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. அதே மணி நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், விதைப் பையையோ அதன் படத்தையோ எடுத்துப்போங்கள்.

நொண்டி மட்டும் அடித்தால் உள்ளங்காலைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் ஆணி மாதிரி சீழ் கட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினம் பத்து நிமிடம் ஊறவைத்து, அயோடின் களிம்பு போட்டுத் துணி சுற்றுங்கள். வீக்கம் கணுக்கால் வரை ஏறினால் கீறிச் சுத்தம் செய்வது மருத்துவர் வேலை.

## கொர் கொர் சத்தம், மூக்கொழுகல், முகம் வீங்கல்

கூட்டில் காலை வைத்ததும் மூக்கில் நெடி ஏறுகிறதா என்று பாருங்கள். நெடி இருந்தால் காற்று போகாத கூடுதான் முதல் காரணம். எச்சத்தை அள்ளி, மேல்பக்கம் காற்று போக வழி விடுங்கள்.

ஒரு கண் நுரைத்து, ஒரு பக்க முகம் வீங்கி, மூக்குநீர் கெட்ட வாடை அடித்தால் பாக்டீரியா சளி. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கையும் கண்ணையும் காலை மாலை துடைத்துவிடுங்கள், அடைத்துக்கொண்டால் தின்னாது. மருந்து ஆன்டிபயாடிக்தான், மருத்துவர் சொல்லும் அளவில். வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரையை உடைத்துப் போடுவது நிறையப் பேர் செய்வது. அளவு தெரியாமல் போடுவதால் நோய் பாதி அடங்கி உள்ளேயே தங்கும், முட்டையிலும் மருந்து இறங்கும்.

கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து ஒவ்வொரு மூச்சுக்கும் தவித்தால் காத்திருக்கக்கூடாது.

## கொண்டையில், கண்ணைச் சுற்றிக் கொப்புளம்

அம்மை. கொசு பரப்புவது. பொருக்கு கறுத்து மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும், உரித்துவிடக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எண்ணெயில் குழைத்துப் போடலாம், கண்ணைத் தவிர்த்து.

அம்மை வந்த கோழி அம்மையால் சாவதைவிடப் பட்டினியால் சாவதுதான் நான் அதிகம் பார்த்தது. இரண்டு கண்ணும் பொருக்கால் ஒட்டிக்கொள்ளும். தீனி காலடியில் இருக்கும், அதற்குத் தெரியாது. ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கண்மேல் ஐந்து நிமிடம் வைத்து, பொருக்கு இளகியதும் மெல்லத் துடைத்தால் ஒரு கண்ணாவது பிளவாகத் திறக்கும். திறக்காவிட்டால் அலகை எடுத்துத் தண்ணீரில் தொட்டுக்காட்டுங்கள், அப்புறம் தீனியில். மூன்றாவது நாள் விரலால் கிண்ணத்தைத் தட்டினாலே சத்தத்தை வைத்துக் கொத்த வரும். இப்படிப் பன்னிரண்டு நாள் பார்த்த கருங்கோழி இன்றும் அடை உட்காருகிறது.

வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி படிந்திருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். மூச்சை அடைக்கும் என்பதால் மருத்துவரிடம் போங்கள்.

## இரைப்பை காலையிலும் நிரம்பியே இருக்கிறது

இரவு முழுக்கத் தீனி இல்லாமல் இருந்த கோழியின் இரைப்பை விடியும்போது காலியாக இருக்க வேண்டும். எனவே கூட்டைத் திறப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள்.

கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நீளப்புல், நார், சணல் நூல் ஏதோ அடைத்திருக்கிறது. தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும். தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அரைத் தேக்கரண்டி கொடுத்து, கீழிருந்து மேலாக அழுத்தாமல், பக்கவாட்டில் பிசைந்துவிடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துப் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதற்கு மருந்து வேண்டும். தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், வேண்டாம். இரண்டு நாளில் இளகவில்லை என்றால் கீறி எடுக்க வேண்டியிருக்கும்.

## முக்குகிறது, முட்டை வரவில்லை

வாலை ஆட்டி ஆட்டி முக்கும், நேராக நிமிர்ந்து நிற்கும், கூட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். ஆசனவாய்க்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாகத் தொட்டால் முட்டையின் கெட்டித்தன்மை தெரியும்.

அகலமான பேசினில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, வயிறு முழுகும்படி இருபது நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் படபடக்கும். இறக்கையை அணைத்துப் பிடித்தால் ஐந்தாவது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தொய்ந்துவிடும், பயப்பட வேண்டாம். துடைத்து, ஆசனவாயின் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான சூடான பெட்டியில் தனியாக விடுங்கள். கால்சியம் மருந்து இருந்தால் அதையும் சொட்டாக. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை.

முட்டையை உள்ளேயே உடைக்காதீர்கள், ஓடு கிழித்துவிடும். அமுக்கித் தள்ளவும் கூடாது. ஒரு நாள் தாண்டினால், அல்லது கோழி நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், உடனே மருத்துவர்.

முக்கியதில் சிவப்பாகச் சதை வெளியே வந்துவிட்டால் மற்ற கோழிகள் பார்ப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் குடல் வரும் வரை கொத்தும். சுத்தத் தண்ணீரில் கழுவி, ஈரத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள்.

## நாய், கீரி, பூனை கடித்தது

காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள இறகை வெட்டி, அயோடின் மருந்து போடுங்கள். ஈ மொய்க்காத இடத்தில் வையுங்கள். காலை மாலை புழு இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். பூனைக் கடி சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், ஆன்டிபயாடிக் தேவை. இரைப்பை கிழிந்து குடித்த தண்ணீர் வெளியே வந்தால் தையல் போட்டால் பிழைக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

## ஓரிரு நாளில் பல கோழிகள் சாகின்றன

கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, அறிகுறி காட்ட நேரமில்லாமல் விழுந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். பறவைக் காய்ச்சல் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவில் முதல் தடவையாகத் தெரியவந்தது, நமக்குப் பக்கத்தில் ஆலப்புழைப் பகுதியிலும் பிறகு வந்திருக்கிறது. வெள்ளைக்கழிச்சலும் பார்க்க இப்படியே இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், வாய்க்காலில் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு பிரேதப் பரிசோதனை செய்யும். அதற்குச் செத்த கோழியை இரட்டைப் பையில் கட்டி ஐஸில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பரிசோதனை இல்லை என்றால் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

அரசு கால்நடை மருந்தகத்தில் கோழியையும் பார்ப்பார்கள். ஆட்டோ வாடகை கோழி விலையைத் தாண்டலாம், அதனால் முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். எப்போதிலிருந்து, எத்தனை கோழிக்கு, கடைசியாக எப்போது முட்டையிட்டது, தடுப்பூசி போட்டது எப்போது, நீங்கள் இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிப்போங்கள். அன்றைய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

## தேறிய கோழியைத் திரும்ப விடுவது

தேறுகிறது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இறகைக் கோதுவது. உடம்பு முடியாத கோழி இறகைக் கோதாது. அலகை வாலடிக்குக் கொண்டுபோய் எண்ணெய் எடுத்து முதுகில் தடவ ஆரம்பித்தால் பல்பை எடுத்துவிடலாம். அதற்கு மேலும் இரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும். பகலில் கொண்டுபோய் நடுவில் விட்டால் புதுக்கோழி என்று நினைத்து எல்லாம் சேர்ந்து கொத்தும். பொழுது சாய்ந்து, எல்லாம் கட்டையில் ஏறி அமர்ந்த பிறகு, இருட்டில் அதன் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். விடியற்காலையில் கூட்டைத் திறக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்.